சாய்த்தால் மட்டும் சாய்வெழுத்து ஆகாது

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கலியாணக் கார்ட் அடிக்கக் கொடுத்தால், ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் வால் நீண்ட சாய்வெழுத்தில் வரும். தமிழ்ப் பக்கத்தில் பாமினி எழுத்துரு. அதுவும் ஈடாக இருக்கட்டும் என்று சில வேளை கணினியில் சாய்த்துவிடுவார்கள். முதலாவது அழகாக இருக்கும், இரண்டாவது விழப்போவது போல நிற்கும்.

ஆங்கிலச் சாய்வெழுத்து நேரெழுத்தைச் சரித்துப் பிறந்ததல்ல. இத்தாலியில் வேகமாக எழுதிய கையெழுத்துதான் அதன் மூலம். வெனிஸ் பதிப்பாளர் ஆல்டுஸ் மனூத்தியுஸுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ அதை அச்செழுத்தாக வெட்டிக் கொடுத்தார். 1501இல் பண்டைய உரோமக் கவிஞர் வேர்ஜிலின் கவிதைகள், கைக்கு அடக்கமான நூலாக, முழுக்க அந்த எழுத்தில் வந்தன. பெரிய எழுத்துகள் (கெப்பிட்டல்) மட்டும் அதில் நேராகவே நின்றன!

கையின் ஓட்டம் உருவத்தையே மாற்றிவிடுகிறது. ஆங்கிலச் சின்ன ஏ (a) மேல்வளைவை இழந்து வெறும் வயிறும் தண்டுமாகிறது. எஃப் (f) பல எழுத்துருக்களில் கோட்டுக்குக் கீழே வால் விடுகிறது. தண்டின் அடியில் இருபுறமும் நீண்டிருந்த செரிஃப் பாதம் போய், பேனா நுழைந்த கீற்றும் வெளியேறிய கீற்றும் வருகின்றன.

கணினிக்கு இதெல்லாம் தெரியாது. 14 பாகை சாய்க்கச் சொன்னால், ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரத்தில் கால் பங்கு தூரம் வலப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். நேர்த்தண்டு சுமார் 3 வீதம் மெலியும். சீரான தடிப்புள்ள வட்டமான ஆங்கில ஓ (o) மேல் வலதிலும் கீழ் இடதிலும் தடித்து, மற்ற இரு மூலைகளிலும் மெலியும். எழுத்துரு வடிவமைப்பவர் இதை வளைவு வளைவாகத் திருத்துவார். தமிழில் தொல்லை இன்னும் கூட. ‘திருமதி’ என்று சாய்த்துப் பாருங்கள்: தியின் வளைவு உயரத்தில் இருப்பதால் அதிகம் நகர்ந்து ருவின் மேல் சரியும். கோட்டுக்குக் கீழே இறங்கும் பகுதிகளோ எதிர்ப்பக்கமாக, முந்தைய எழுத்தை நோக்கிப் போகும்.

அலங்கார வால்களுக்கு வெற்றிடம் வேண்டும். அது சொல்லின் தலையிலும் கடைசியிலும்தான் கிடைக்கும். நல்ல எழுத்துருக்கள் ஓர் எழுத்துக்கே பல வடிவங்களை வைத்திருந்து, இடத்துக்கேற்ற ஒன்றைப் போடுகின்றன. முழுப் பெயரையும் கெப்பிட்டல் எழுத்தில் அடித்தால் வாலோடு வால் சிக்கி, வாசிக்கவே முடியாது. அப்படி வந்த கார்ட்கள் கொழும்பில் ஏராளம்.

பெயர், தலைப்பு, ஒரு வரிக் கவிதை: இவற்றுக்கு ஆங்கிலச் சாய்வெழுத்தைத் தாராளமாகப் போடலாம். மண்டப முகவரியையும் முகூர்த்த நேரத்தையும் நேரெழுத்துக்கு விட்டுவிடுங்கள். பொன்னிறத் தாள் பதிப்பதானால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான அட்டையில் மெல்லிய கீற்றுகள் அறுந்துபோகும். தமிழ்ப் பக்கத்தைத் தனித்துக் காட்ட நிறம் இருக்கிறது, தடிப்பு இருக்கிறது. சாய்க்கத் தேவையே இல்லை.