மூன்று மணிக்குக் கிளம்பாதீர்கள்

"விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்பிட்டா வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்திடலாம், ரோடும் காலியா இருக்கும்."

நம் வீடுகளில் நெடும்பயணம் என்றதும் முதலில் வரும் யோசனை இது. குலதெய்வக் கோயில், கல்யாணம், ஏர்போர்ட், தீபாவளிக்குச் சொந்த ஊர், எதுவானாலும் இதே பேச்சுதான். சொல்பவர் பெரும்பாலும் குடும்பத்தில் மூத்தவராக இருப்பார். மறுத்துப் பேச ஆள் இருக்காது. திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையை ஒட்டிய மருத்துவமனை ஒன்றில் எலும்பு முறிவு சிகிச்சை பார்ப்பவன் நான். சாலைப் பயணம் பற்றி நம் மக்களிடம் இருக்கும் நம்பிக்கைகளில் இதைப்போல ஆள் விழுங்குவது வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

கேசுவால்ட்டியிலிருந்து எந்த நேரத்திலும் எனக்கு அழைப்பு வரும். ஆனால் மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் வருகிற கேஸ்களுக்கு ஒரு தனி ஜாடை உண்டு. ஒரே காரில் வந்த நாலைந்து பேர், எல்லாரும் ஒரே குடும்பம். கார் மோதியது ஓரமாக நின்ற லாரியின் பின்பக்கமாக இருக்கும். இல்லையென்றால் சென்டர் மீடியன், பாலத்துக் கைப்பிடிச் சுவர். எப்படி நடந்தது என்று கேட்டால் பின்சீட்டில் இருந்தவர்களின் பதில் மாறவே மாறாது: "தெரியல டாக்டர், நாங்க தூங்கிட்டிருந்தோம்."

ஓட்டியவரும் தூங்கியிருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவமனையின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். போடும்போது நடந்ததைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். நாய் குறுக்கே வந்தது, எதிர்வண்டிக்காரன் ஹைபீம் அடித்தான், டயர் வெடித்தது என்பார்கள். இவற்றில் பல உண்மையாகவும் இருக்கும். "கண்ணசந்துட்டேன்" என்று ஓட்டுநர் தானாகச் சொல்வது மட்டும் அபூர்வம். லைசென்ஸ் போய்விடுமோ, இன்சூரன்ஸில் பிரச்சினை வருமோ, அடிபட்டுக் கிடக்கும் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஆயிரம் பயம். அதோடு, பலருக்குத் தாம் தூங்கியதே தெரியாது. சில விநாடித் தூக்கம் நினைவில் தங்குவதில்லை. சாலையில் டயர் தேய்ந்த தடம் இல்லையென்றால் தூக்கம்தான் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வந்த பிறகு தடத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் வேகம் துளியும் குறையாமல் போய்ச் சொருகிய வண்டியைப் பார்த்தால் அனுபவப்பட்ட போலீஸ்காரருக்குப் புரிந்துவிடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுக்க நடந்த சாவுகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகம் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அட்டவணையில் குடிபோதை, எதிர்த்திசைப் பயணம், சிக்னல் மீறல், செல்போன் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. தூக்கத்துக்குக் கட்டம் இல்லை. வேகம் கொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் விளைவைத்தான் தினமும் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த 71 சதவீதத்துக்குள் எத்தனை பேர் கண்மூடியிருந்தார்கள், எத்தனை பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தக் கணக்கில் தெரியாது.

தூக்கத்தை மனஉறுதியால் ஜெயிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணிவரை அது உடம்பின் சூட்டையும் விழிப்பையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். மதியம் 2 முதல் 4 வரை இன்னொரு சின்ன இறக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகுவது சோற்றினால் மட்டும் வருவதல்ல. இந்த நேரங்களில் மூளை நம்மைக் கேட்காமலேயே மூன்று நான்கு விநாடி அணைந்து எரியும். கண் திறந்தேகூட இருக்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்றால் 111 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை.

1997-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு பிரபலமானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருக்குச் சமமாக இறங்கிவிடுகிறது என்று அதில் கண்டார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் வரம்பே 30 மில்லிகிராம்தான். காலை 6 மணிக்கு எழுந்து, ஆபீஸ் முடித்து, இரவு 11 மணிக்கு ஸ்டியரிங் பிடிப்பவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். ஊதச் சொன்னால் மிஷின் பூஜ்யம் காட்டும்.

மூன்று மணிக்காரரின் கணக்கைப் பாருங்கள். முந்தின நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, பெட்டி கட்டி, காஸ் மூடியாச்சா என்று பார்த்துப் படுக்கப் பதினொன்று. இரண்டு மணிக்கு அலாரம். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு, உடம்பு மிக மந்தமாக இருக்கும் வேளையில், வளைவே இல்லாத நேர்ச்சாலையில் ஏசி போட்டுக்கொண்டு உட்காருகிறார். விழுப்புரம் தாண்டுவதற்குள் பின்சீட்டில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். பேச்சுத்துணையும் போயிற்று.

வாடகை வேன் ஓட்டுநர்களின் கதை இதைவிட மோசம். திருச்செந்தூர் போய்த் திரும்பிய வேன் ஒன்றின் ஓட்டுநர், தொடை எலும்பு முறிந்து என்னிடம் வந்தார். ஆபரேஷன் முடிந்த பிறகு வார்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

"கடைசியா எப்பண்ணே தூங்குனீங்க?"

"அங்க ரூம் போட்டாங்க சார். எனக்கு வண்டிலதான் படுக்கை. ஒரே கொசு, புழுக்கம் வேற. ஒரு மணி நேரம் கண்ண மூடியிருப்பேன். அதுக்குள்ள அபிஷேகம் முடிஞ்சிருச்சு, கிளம்பலாம்னு எழுப்பிட்டாங்க."

"முடியலன்னு சொல்லலாம்ல?"

"சொன்னா அடுத்த டிரிப்புக்கு வேற ஆளக் கூப்பிடுவாங்க சார்."

அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி ஓய்வு என்பது 2025 வரை அமலில் இருந்த அதன் பொதுவிதி. ஒற்றை வேன் வைத்துப் பிழைப்பவரிடம் அந்தச் சட்டம் போய்ச் சேரவில்லை. பதினைந்து பேருக்கு ரூம் போடுகிற குடும்பம், ஓட்டுநருக்கென்று ஒரு ஃபேனும் பாயும் உள்ள அறையைக் கேட்டு வாங்கலாம். சாமி கும்பிட வந்த இடத்தில் அதைச் செலவாகப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை. ஆக்டிங் டிரைவரை அழைப்பவர்களும் "பகல்ல எங்கயாவது ஓட்டினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜன்னலை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, பாக்கு மெல்லுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத் தெம்பு மட்டுமே. சில ஊர்களில் போலீசார் இரவில் வண்டிகளை நிறுத்தி டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான், அந்த நிறுத்தத்துக்காகவாவது. ஆனால் டீயும் காபியும் வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி ஆகும். அதனால் காபியைக் குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 15, 20 நிமிடம் தூங்குங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி எழுந்ததும் தலை மந்தமாக இருக்கும். நன்றாகத் தெளிந்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். தூங்குவதற்காகச் சாலையோரத்தில் நிறுத்திவிடாதீர்கள். பின்னால் வருகிற இன்னொரு தூக்கக்காரருக்கு நீங்கள்தான் அந்த நின்ற லாரி. பெட்ரோல் பங்க், டோல்கேட்டை ஒட்டிய பார்க்கிங், வெளிச்சமுள்ள ஹோட்டல் என்று உள்ளே போய் நிறுத்துங்கள்.

எப்போது நிறுத்துவது? கொட்டாவிக்காகக் காத்திருக்க வேண்டாம். கடந்து வந்த ஊர் எது என்று யோசித்து, நினைவுக்கு வரவில்லையென்றால், ஓரக்கோட்டில் டயர் ஏறி 'டர்ர்' என்று சத்தம் கேட்டால், நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை தூங்கி எழுந்துவிட்டீர்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கும் செட்ரிசின், குளோர்பெனிரமின், இருமல் சிரப், பஸ் பயணத்தில் வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரை என்று பலவும் தூக்கத்தைத் தள்ளும். பலத்த குறட்டை, இரவில் மூச்சு நின்று திணறி எழுவது, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொருகுவது என்று இருப்பவர்கள் தூக்கத்தில் மூச்சையும் இதயத்தையும் கவனித்துப் பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக நினைக்கிறோம். பல நேரங்களில் அது இரவெல்லாம் தூக்கம் கெட்டதன் அடையாளம்.

செல்போன் தூக்கத்தின் பகல்நேரத் தம்பி. கண்ணும் திறந்திருக்கும், ஆளும் விழித்திருப்பார், கவனம் மட்டும் வேறெங்கோ. புளூடூத்தில்தானே பேசுகிறேன் என்பவர்களுக்கு: கை காலியாக இருந்தாலும் மூளை காலியாக இல்லை. பேச்சில் ஆழ்ந்தவர் எதிரிலுள்ளதைப் பார்ப்பார், ஆனால் அது மூளையில் ஏறாது. டூவீலரில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகும் பையன்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மேப்பைப் பெரிதாக்கிப் பார்க்க மூன்று விநாடி குனிந்தால், ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில்கூட 33 மீட்டர் போய்விடும். கையில் போனைப் பிடித்து ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. வீட்டிலிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓட்டுகிறார் என்று தெரிந்தே "எங்க வந்திட்டிருக்கீங்க?" என்று அரை மணிக்கொரு தரம் கூப்பிடாதீர்கள். அக்கறைதான், ஆனால் அந்த போனை எடுக்கும் கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டிய கை.

வேகத்துக்கு வருகிறேன். மோதலில் உடம்பு வாங்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்கு கூடுகிறது. சக்தி 56 சதவீதம் கூடுகிறது. மிச்சமாகும் நேரம், 100 கிலோமீட்டருக்கு 15 நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு விலையாகச் சாதாரணமாக இரண்டாக முறியும் தொடை எலும்பு நாலைந்து துண்டாகி வருகிறது; டேஷ்போர்டில் முட்டி இடித்து இடுப்பு மூட்டே பின்பக்கம் கழன்று வருகிறது.

பெல்ட் போடாமல் 2022-இல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓட்டியவர்கள் அல்லர், உடன் வந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல்தான். அந்தச் செய்தி வந்த சில வாரங்களுக்குப் பின்சீட் பெல்ட் பற்றி எல்லாரும் பேசினார்கள். இப்போது மறுபடியும் அது சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதும் அப்படியே தொடர்கிறது. மோதும்போது எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாத விசை அது.

வழியில் விபத்தைப் பார்த்தால் 108, தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் விதிகளும் தரும் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். யார் கட்டுவது என்று வாசலில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஓட்டியவருக்கு. கண்ணசந்திருந்தாலோ, நடுவில் என்ன நடந்தது என்று நினைவில்லாமல் இருந்தாலோ, சிகிச்சை தரும் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள். நாய் குறுக்கே வந்தது என்று நீங்கள் சொன்னால் நாங்கள் எலும்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவோம். நினைவு தப்பியது என்று தெரிந்தால் சர்க்கரை இறங்கியதா, வலிப்பா, இதயத்துடிப்பில் கோளாறா, தலையில் உள்காயமா என்று தேடுவோம், ஈ.சி.ஜி.யும் சி.டி. ஸ்கேனும் அப்போதே எடுப்போம்.