கன்ஃபார்மிட்டிக்கு ‘இணக்கம்’ பொருந்தாது

அமெரிக்கப் புறநகர்த் திகில் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘இணக்கத்தின் கொடுமையைச் சொல்லும் படம்’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். ‘தி ஸ்டெப்ஃபோர்டு ஒய்வ்ஸ்’ பற்றி எழுதும்போது இது நிச்சயம் வரும். சுற்றியிருப்பவர்களைப் பார்த்து அவர்களைப் போலவே ஆள் மாறிக்கொள்வதை ஆங்கிலத்தில் கன்ஃபார்மிட்டி என்பார்கள்; அதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து வைத்ததன் விளைவு இது. ஆங்கிலம் தெரியாத ஒருவர் இந்த வரியைப் படித்தால் குழம்பித்தான் போவார். மாமியாரும் மருமகளும் இணக்கமாக இருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் சண்டை இல்லை என்று பொருள். அதில் என்ன கொடுமை இருக்கிறது?

மூலச் சொல் எளியது. லத்தீனில் ‘கான்’ என்றால் உடன், ‘ஃபார்மா’ என்றால் வடிவம். மற்றவற்றின் வடிவத்துக்குத் தன்னை ஆக்கிக்கொள்வது என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் அது சமயச் சண்டைக்குள் புகுந்தது. எல்லாருக்கும் ஒரே வழிபாட்டு முறை என்ற 1662ஆம் ஆண்டின் ஒரேசீர்மைச் சட்டத்தை ஏற்காமல் சுமார் 2,000 குருமார் பதவி இழந்தார்கள்; அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத கிறிஸ்தவர்களுக்கு ‘நான்கன்ஃபார்மிஸ்ட்’ என்ற பெயர் நிலைத்தது. ஆக, ஊரே ஒரு வடிவத்தில் நிற்க, நீயும் அதே வடிவத்துக்கு வா என்ற நெருக்கடி இந்தச் சொல்லுக்குள் வெகுகாலமாக இருக்கிறது.

இணக்கத்தில் அந்த நெருக்கடி கிடையாது. ஆத்திசூடி ‘இணக்கமறிந்து இணங்கு’ என்கிறது. ஒருவரின் குணத்தை அறிந்து, தேர்ந்து, பிறகு நட்புக் கொள் என்பது அதன் பொருள். மூதுரை தீயாரோடு ‘இணங்கி இருப்பதுவும் தீது’ என்று எச்சரிப்பதும், இணங்குவது நம் கையில் இருக்கிறது என்பதால்தான். இலங்கையில் 2010இல் அமைத்த ஆணைக்குழுவின் பெயரில் ‘நல்லிணக்கம்’ வந்தது. பகைத்தவர்கள் மறுபடி சேர்வதை அது குறித்தது. மென்பொருள் ஒன்று இன்னொன்றோடு வேலை செய்தால் இணக்கம், நிறுவனம் விதியைப் பின்பற்றினால் இணக்கம். இத்தனை சுமையை ஏற்கெனவே தூக்கும் சொல்லின் தலையில் கன்ஃபார்மிட்டியையும் ஏற்றுகிறார்கள்.

வேற்றுமை உருபைக் கவனித்தாலே வேறுபாடு விளங்கும். இணங்கு என்ற வினை நான்காம் வேற்றுமையைக் கேட்கும்: வேண்டுகோளுக்கு இணங்கினார், நிபந்தனைக்கு இணங்கினார். எதிரே ஒருவர் வாய்திறந்து கேட்டிருக்க வேண்டும். கன்ஃபார்மிட்டியில் யாரும் கேட்பதே இல்லை. சுற்றியிருப்பவர்கள் செய்வதைப் பார்த்து ஆள் தானாகத் திரும்புகிறார். அங்கே தமிழுக்கு வேண்டியது மூன்றாம் வேற்றுமையின் ‘ஓடு’: ஊரோடு, கூட்டத்தோடு. ‘அவரோடு இணங்கிப் போ’ என்றும் சொல்கிறோமே என்று சிலர் மறுக்கலாம். சொல்கிறோம்தான். சண்டை முற்றிய இருவரில் ஒருவரைப் பார்த்துச் சொல்கிறோம். அது சமரசம். ஒருவர் பத்துப் பேரைப் பார்த்துத் தன் கண்ணையே நம்பாமல் போவதை அந்தத் தொடர் ஒருபோதும் சொன்னதில்லை.

கண்ணையே நம்பாமல் போவது என்றால் அப்படியேதான். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். அறையில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்தவர்கள். 18 சுற்றுகளில் 12இல் அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டினார்கள். அந்தச் சுற்றுகளில் பங்கேற்பாளர்கள் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டத்தின் தவறான விடையே. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அப்படிச் சொன்னார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, எதுவும் கேட்கவில்லை. இதை ‘இணக்கம்’ என்று எழுதிய கையோடு, அடுத்த பக்கத்தில் ஒருவர் கேட்டதற்குச் சரி என்பதையும் ‘இணக்கம்’ என்று எழுதினால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட மின்னதிர்ச்சிச் சோதனையில் கட்டளையிடும் அதிகாரி இருக்கிறார். இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடு என்று அவர் சொன்னபடி, 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட்டு வரை போனார்கள். அது கீழ்ப்படிதல். உளவியலில் இவை மூன்றும் வெவ்வேறு. கேட்டதற்கு உடன்படுவது இணக்கம், கட்டளைக்குப் பணிவது கீழ்ப்படிதல், கூட்டத்தைப் பார்த்து மாறுவது மூன்றாவது. அந்த மூன்றாவதற்குத் தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

படத்துக்கு வருவோம். ஐரா லெவின் 1972இல் எழுதிய நாவலை பிரையன் ஃபோர்ப்ஸ் 1975இல் படமாக்கினார். கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டெப்ஃபோர்டு என்ற சிற்றூருக்கு நியூயார்க்கிலிருந்து குடிவருகிறார் ஜோவன்னா. புகைப்படக் கலையில் பெயர் எடுக்க முயல்பவர். அந்த ஊர்ப் பெண்கள் தரைவரை தொங்கும் பூப்போட்ட கவுன்களில், சமையலும் துடைப்பதுமே பேச்சாக இருக்கிறார்கள். பெண்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று ஜோவன்னாவும் தோழி பாபியும் ஒரு கூட்டம் கூட்டினால், பேச்சு துணிக்குக் கஞ்சி போடும் ஸ்பிரேயின் புகழில் போய் நிற்கிறது. ஆண்கள் சங்கத்தில் கணவன்மார் சேர்ந்து மனைவியரைக் கொன்று, அவர்கள் உருவில் இயந்திரங்களை வைக்கிறார்கள் என்பது கடைசியில் தெரிகிறது.

இந்தப் பெண்கள் எதற்காவது இணங்கினார்களா? ஒருவர்கூட இல்லை. இணங்காததால்தான் கொல்லப்பட்டார்கள். ‘இணக்கமான மனைவியர்’ என்று எழுதும்போது, கொலையானவர்களின் சம்மதத்தை மொழிபெயர்ப்பாளர் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். எனக்கு இதில் கோபம் வருவது இதனால்தான்.

உண்மையில் இந்தக் கதையில் ஒத்துப்போகிறவர்கள் கணவன்மார். ஜோவன்னாவின் கணவர் வால்டரைக் கவனியுங்கள். வரும்போது சாதாரண மனிதர். சங்கத்தில் முதல் இரவைக் கழித்துவிட்டுத் திரும்பியவர், கையில் மதுக் கோப்பையோடு கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். உன்னை நேசிக்கிறேன் என்று மனைவியிடம் சொல்கிறார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, பிடிக்கவும் இல்லை. ஆனாலும் ஊர் ஆண்கள் எல்லாரும் செய்வதைச் செய்ய மெல்ல மெல்லப் போகிறார். படத்தை ‘பெண்களின் இணக்கம்’ என்று சுருக்கினால் வால்டர் தப்பித்துவிடுகிறார். பார்வையாளர்கள் இன்றும் இரண்டு கட்சியாக நின்று வாதிடுவதும் இந்த இடத்தில்தான். இது பெண்களை ஏளனம் செய்யும் படம் என்போர் உண்டு. அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் திரையிடலிலிருந்து வெளிநடப்பே செய்தார். பெண் இயக்கத்தைச் சுரண்டிப் பிழைக்கும் படம் என்றார். ஆண்களைத் தோலுரிக்கும் படம் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஜோவன்னா கேட்கும்போது, எங்களால் முடியும் என்பதால் என்று சங்கத் தலைவர் சொல்லும் பதிலில் பெண்களைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை.

வேறு சில சொற்களும் புழங்குகின்றன. ‘ஒருமைப்பாடு’ தேசிய ஒருமைப்பாட்டை நினைவூட்டும், உதவாது. ‘ஒத்திசைவு’ இசையிலிருந்து வந்த இனிய சொல், அதற்கும் இதே நோய். குறளைப் பிடித்தால் வலுவான வாதம் ஒன்று கிடைக்கும். ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று வள்ளுவரே சொல்லியிருக்க, ‘ஒத்தொழுகல்’ என்று ஆக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். செந்தமிழ் வடிவம், ஒரே சொல், ‘ஓடு’ உருபும் கூடவே வருகிறது. நானும் இதை விரும்பத்தான் செய்தேன். ஆனால் அந்தக் குறள் இருப்பது ஒழுக்கமுடைமை அதிகாரத்தில். பரிமேலழகர் உயர்ந்தோர் நடந்த வழியில் நடப்பது என்றே உரை செய்கிறார். ஒழுகல் என்றவுடன் ஒழுக்கம் வந்து நிற்கும். ‘ஊருடன் கூடிவாழ்’ என்று ஆத்திசூடியிலும், ‘ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்’ என்று கொன்றைவேந்தனிலும் படித்து வளர்ந்த மொழியில், ஊரோடு சேர்வதற்குப் புகழ்ச்சொல் நிறைய உண்டு. வேண்டியது புகழாத சொல்.

அது பேச்சில் எப்போதும் இருக்கிறது: ஒத்துப்போதல். துணைவினையைப் பாருங்கள். ‘ஒத்துக்கொள்’ என்றால் மனம் ஏற்றது. கொள் என்ற துணைவினை செயலைச் செய்தவரிடமே கொண்டு சேர்க்கிறது. ‘ஒத்துப்போ’ என்றால் மனம் ஏற்றதா என்பதைச் சொல்லவில்லை. போ என்ற துணைவினையில் ஆள் தன் இடத்தைவிட்டு நகர்கிறார். வால்டர் ஒத்துக்கொண்டாரா என்பது விவாதத்துக்குரியது, ஒத்துப்போனார் என்பதில் ஐயமே இல்லை. இந்த நுணுக்கம் ஆங்கிலச் சொல்லில்கூட இல்லை. இன்னும் கீழே இறங்கினால் ‘ஒத்து ஊதுதல்’ இருக்கிறது. நாகசுரக்காரர் எந்த ராகத்தை விரித்தாலும் பக்கத்தில் ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதும் கருவி ஒத்து. பிறர் சொன்னதற்கெல்லாம் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பெயர் வந்தது. கட்டுரைத் தலைப்புக்கு அது ஆகாது, வசனத்துக்கு ஆகும்.

‘ஒத்துப்போதல்’ கொச்சையாக இருக்கிறது, கலைச்சொல்லுக்குரிய மிடுக்கு இல்லை என்பார்கள். மிடுக்குக்காகத் தெளிவை விற்கும் இந்தப் பழக்கம்தான் நம் மொழிபெயர்ப்பைக் கெடுக்கிறது. ‘கீழ்ப்படிதல்’ எப்படி நின்றதோ அப்படியே இதுவும் நிற்கும். ஆட்பெயருக்கு ஒத்துப்போகிறவர், எதிர்மறைக்கு ஒத்துப்போகாதவர். ஒத்துப்போகச் செய்யும் அழுத்தத்தைச் சொல்ல ‘ஊர் நெருக்கடி’ போதும். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பில் வேலி போடக் கூடாது, வாரந்தோறும் புல் வெட்ட வேண்டும், வார இறுதியில் துணி உலர்த்தக் கூடாது, வெள்ளையர் அல்லாதாருக்கு வீடு கிடையாது என்று எழுத்திலேயே விதி இருந்தது. அந்த விதிகளைப் பின்பற்றுவதற்கு வேண்டுமானால் ‘இணக்கம்’ என்று போடுங்கள். ஸ்டெப்ஃபோர்டில் எழுதிய விதி எதுவும் இல்லை.

ஆஷின் சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. சரியான விடை சொல்ல ஒரே ஒரு துணை கிடைத்தால், ஒத்துப்போவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. பாபி ஜோவன்னாவுக்கு அந்தத் துணை. சமையலறைக் காட்சியில் பாபியும் மாறியிருப்பது தெரிந்து, ஜோவன்னா கத்தியால் குத்துகிறார். ரத்தம் வரவில்லை. நாம் தோழிகள் என்றல்லவா நினைத்தேன் என்று அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, கோப்பைகளைக் கீழே போட்டபடி, காபித்தூளைக் கொட்டியபடி பாபியின் இயந்திரம் சுற்றிச் சுற்றி வருகிறது. பார்த்தவர்கள் பலர் படத்தின் உச்சம் என்று சொல்லும் காட்சி இது. இதற்குமேல் ஜோவன்னா பக்கம் நின்று ‘நீ பார்ப்பது சரி’ என்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

2004இல் ஃபிராங்க் ஆஸ் எடுத்த மறுஆக்கத்தில் மூளையில் பொருத்திய சில்லுகள், இறுதியில் எல்லாரும் விழித்தெழுகிறார்கள். திட்டத்தின் தலைவி ஒரு பெண். ஒருபால் ஈர்ப்புள்ள ரோஜர் என்பவரையும் பழமைவாத அரசியல்வாதியாக வார்த்துவிடுகிறார்கள். அங்கேயும் ‘இணக்கம்’ பொருந்தாது, மாற்றப்பட்டவர்கள் ‘வார்க்கப்பட்டவர்கள்’. மனைவியரைக் குறிக்க இந்தச் செயப்பாட்டு வினை வேண்டும், கணவன்மாருக்குச் செய்வினை. ஒரே பெயர்ச்சொல்லை இருவர் மேலும் பூசுகிறவர்கள் படத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஜெண்டர் என்பதற்கும் இதே கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் ‘பாலினம்’ என்று உடலையும் சமூகப் பங்கையும் சேர்த்தே எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் ‘பால்நிலை’ என்கிறார்கள். சமூகம் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தை ‘நிலை’ என்ற சொல் சரியாகப் பிடிக்கிறது. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘பால்நிலையும் ஒத்துப்போதலும்’ என்று எழுதிப் பார்க்கட்டும். அடிக்குறிப்பு இல்லாமலே வாசகருக்குப் புரியும்.