இட்லிப் பொட்டலம் பிரிக்காத டெக்னீஷியன்

சேலத்தில் ரத்த வங்கி வேலைக்கு ஓய்வான மாதம் என்று ஒன்று கிடையாது. அக்டோபர் மழை தொடங்கினால் டெங்கு, அதற்குப் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) தேவைப்படும். எடுத்து வைத்த பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, எனவே முன்கூட்டிச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும், ரத்த தான முகாம் நடக்காது. ஆத்தூர், ஓமலூர் பக்கத்திலிருந்து வரும் பிரசவ கேஸ்கள் மட்டும் குறையாது.

ஒருமுறை ஏற்காட்டில் முகாம். ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரிக்க வேண்டுமானால், எடுத்த சில மணி நேரத்தில் பைகள் சென்ட்ரிஃபியூஜுக்கு (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) போயாக வேண்டும். அதனால் முகாம் முடிந்ததும் வண்டி ஏறிவிட்டோம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை எங்கள் டெக்னீஷியன் பெட்டியைக் காலால் அணைத்துப் பிடித்திருந்தார். காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலம் மடியில் அப்படியே இருந்தது. அன்று இரவும் அவருக்கே டியூட்டி. இன்னொருவர் லீவு.

இரவு ஒரு நோயாளியின் அண்ணன் வந்து நின்றார். "ரத்தம் ஃபிரிட்ஜுலதானுங்க இருக்குது? எடுத்துக் குடுக்க இவ்வளவு நேரமா?" குரூப் பார்த்து, கிராஸ்மேட்ச் செய்து (நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து) முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். இதை யார் கேட்டாலும் பொறுமையாக விளக்குகிறவர் அவர். அன்று பேசாமல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கையால் காட்டினார். இது பர்ன்-அவுட், வேலையே ஆளை எரித்துத் தீர்ப்பது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட்டை நோய் என்று சொல்வதில்லை, வேலையால் வருவது என்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். நான் பயப்படுவது இரண்டாவதுக்கு. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருக்கும் இரவில், மனம் விலகியவர் லேபிளை ஒரே ஒரு முறைதான் படிப்பார். குரூப் மாறி ரத்தம் ஏறினால் உயிரே போகலாம்.

அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்த தான நாள். கொடையாளர்களுக்குக் கேடயம் தருகிறோம், தர வேண்டியதுதான். நாற்காலி அடுக்குவது எங்கள் ஊழியர்கள். அவர்கள் சம்பளம் கேட்டாலும் லீவு கேட்டாலும் கிடைக்கும் பதில், "இது சேவைம்மா." இந்த வார்த்தையை மேலிடத்தில் இருப்பவர்கள் கொஞ்ச நாள் சொல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தச் சம்பளத்தில் வருடக்கணக்காக இருப்பவரைக் கைதட்டித் தேற்ற முடியாது.

சம்பளம் என் கையில் இல்லை. முடிந்ததைச் செய்தோம். முகாம் போனவருக்கு அன்று இரவு டியூட்டி கிடையாது. ஊழியர் சாப்பிடாமல் வண்டி கிளம்பாது. லேபிளை இரண்டாவது ஆள் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்புறம், நாங்கள் அனுப்பிய ரத்தம் ஏறிய நோயாளி எப்படி இருக்கிறார் என்று வார்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றேன். முதல் வாரம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அந்த டெக்னீஷியனே வார்டுக்குப் போன் போட்டார். முந்தின நாள் ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு பை ஏறிய அம்மா ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டாராம். போனை வைத்துவிட்டு, "கேன்டீன்ல தோசை இன்னும் இருக்குமுங்களா சார்?" என்றார்.