விபத்து நடந்த முதல் 48 மணி நேரம்: அட்வான்ஸ் கேட்டால் என்ன செய்வது?

கேஷுவாலிட்டி வாசலில் ஓர் அம்மா தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்று ஏற்கெனவே முந்தானையில் முடிச்சாகியிருந்தது. இன்னொன்றின் திருகு கை நடுக்கத்தில் வரவில்லை. பைக்கில் போன மகன் லாரி உரசி விழுந்து உள்ளே கிடக்கிறான். தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும், முதலில் 30,000 ரூபாய் கட்டுங்கள் என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள்.

வேறு ஒருவருக்காக நான் அங்கே போயிருந்தேன். "நம்மைக் காக்கும் 48-ல சேர்க்கச் சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன். "காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டாங்க தம்பி. இல்லைன்னேன். அப்போ பணம் கட்டுங்கன்னுட்டாங்க" என்றார்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கான அந்த அரசுத் திட்டத்துக்கு அட்டையே தேவையில்லை. அந்த மருத்துவமனையோ திட்டத்தின் பட்டியலில் இருந்த ஒன்று. காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கும் மேசைக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, கால் மணி நேரத்தில் பதிவு முடிந்தது, ஸ்கேனும் எடுத்தார்கள். கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால் நடந்தது அது. யாரும் இல்லாதபோதும் அது நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் 81 வகைச் சிகிச்சைமுறைகள் இதில் அடங்கும். ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் என்று தொடங்கிய வரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. வருமான வரம்பு கிடையாது. ரேஷன் கார்டு வேண்டாம், ஆதார் வேண்டாம். பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கும் உண்டு, பெயரே தெரியாமல் மயங்கிக் கிடப்பவருக்கும் உண்டு.

மருத்துவமனைக்குப் போவதற்கு முன், சாலையில் செய்ய வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. உயிர் அங்கேயே போய்விட்டால் எந்தத் திட்டமும் உதவாது.

108-ஐ அழைத்ததும் இடத்தைச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், தாண்டி வந்த சுங்கச்சாவடி, எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்ற மூன்றும் வேண்டும். "பைபாஸ்ல, பெட்ரோல் பங்க் கிட்ட" என்றால் வண்டி தேடிக்கொண்டுதான் இருக்கும். அடிபட்டவர் எத்தனை பேர், பேசுகிறார்களா, மூச்சு இருக்கிறதா, வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். அரை நினைவில் இருப்பவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

அப்புறம், அடிபட்டவரை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவது. கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால், நடக்கக்கூடியவராக இருந்த ஒருவர் அந்தத் தூக்கலில் ஆயுளுக்கும் படுக்கையாகிவிடலாம். நெருப்போ, மேலே வண்டி ஏறும் ஆபத்தோ இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். ஒன்று மட்டும் விதிவிலக்கு. நினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவருக்கு வாந்தியோ ரத்தமோ தொண்டையில் தேங்கினால் மூச்சடைத்துவிடும். அப்போது ஒருவர் தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடம்பு முழுவதையும் ஒன்றாக ஒரு பக்கமாகத் திருப்புங்கள். தலையை மட்டும் திருப்பக் கூடாது.

"நமக்கெதுக்கு போலீஸ் வம்பு" என்று ஒதுங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உதவி செய்தவரைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016-லேயே வழிகாட்டுதல்களை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே வந்துவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவர் பெயர், முகவரி, போன் நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று போலீசும் கேட்க முடியாது, மருத்துவமனையும் கேட்க முடியாது. பணம் கட்டச் சொல்லி உங்களை நிறுத்திவைக்கவும் முடியாது. "சேர்த்தாச்சு, நான் கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

சம்பவ இடத்தில் 108-க்கு முன்பே தனியார் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறதா? எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள். கமிஷனுக்காகப் பக்கத்தில் இருப்பதைத் தாண்டி வேறெங்கோ கொண்டுபோகும் வண்டிகள் உண்டு.

சரி, மருத்துவமனைக்கு வந்துவிட்டீர்கள். சுற்றலில் விடுவது இங்கேதான்.

முதல் பொறி, "காப்பீட்டு அட்டை இருக்கா?" என்ற கேள்வி. அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வேறு திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. "இல்லை" என்று நீங்கள் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வார்கள். "அட்டை இல்லை. இது சாலை விபத்து. நம்மைக் காக்கும் 48-ல் பதியுங்கள்" என்று மூன்று வாக்கியமாகச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கிருந்தே காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 என்ற இலவச எண்ணையோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள். அழைப்பது அவர்கள் காதில் விழட்டும். பல இடங்களில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

இரண்டாவது, "முதலில் எஃப்.ஐ.ஆர். வாங்கிட்டு வாங்க" என்பது. விபத்து என்றால் போலீசுக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் வேலை. அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1989-ல். இத்தனை வருடம் கழித்தும் ரத்தம் சொட்டும் ஆளை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடச் சொல்கிறார்கள்.

மூன்றாவது மிக மோசம். சேர்க்கும்போது ஒரு கத்தைத் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். அதில் ஒன்று 'அரசுத் திட்டம் வேண்டாம், சொந்தச் செலவில் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் தாளாக இருக்கலாம், அதுவும் பல நேரம் ஆங்கிலத்தில். அந்தப் பதற்றத்தில் யார் படிப்பார்கள்? படியுங்கள். படிக்க முடியாவிட்டால் யாரையாவது அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கான சம்மதத்தில் உடனே கையெழுத்துப் போடுங்கள், பணம் பற்றிய தாளை மட்டும் தனியே வையுங்கள். 'மருத்துவர் ஆலோசனைக்கு எதிராக நாங்களே அழைத்துப் போகிறோம்' என்ற தாளும் அப்படித்தான். "பெட் இல்லை, வேற இடம் பாருங்க" என்று அவர்கள் அனுப்பும்போது, நீங்களாகப் போவதாக எழுதிக் கொடுக்காதீர்கள். என்ன முதலுதவி செய்தார்கள், ஏன் அனுப்புகிறார்கள் என்று குறிப்புச் சீட்டு எழுதி வாங்குங்கள்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் போய் நின்றுவிட்டால்? அவர்களும் மூச்சையும் ரத்தப்போக்கையும் கவனித்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அங்கேயே தங்கினால் பில் உங்கள் தலையில். 108-ஐ மறுபடி அழைத்து மாற்றுங்கள்.

அரசு மருத்துவமனை என்றால் வேறு மாதிரி. அங்கே ஆபத்தின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்ப்பார்கள். வலியில் கத்துபவரை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் எடுத்துப் போவார்கள். அதற்காகச் சண்டை போடாதீர்கள், அது சரியான முறை. மஞ்சளில் உட்கார்ந்திருப்பவர் உளற ஆரம்பித்தால், வாந்தி எடுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால் மட்டும் உடனே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இப்போது ஏ.ஆர். பற்றி. விபத்துப் பதிவேடு. அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் மருத்துவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டு ஒரு வரி எழுதுவார். எங்கே, எப்போது, எந்த வண்டியால், யார் கொண்டுவந்தது என்பதெல்லாம் அதில் வரும். நான் முதலில் சொன்ன அம்மா "பைக்ல இருந்து விழுந்துட்டான் சார்" என்று சொல்லியிருக்கிறார். அழுகையில் வாயில் வந்தது அவ்வளவுதான். பதிவேட்டில் 'தானாக விழுந்தார்' என்று ஏறிவிட்டது. லாரி அந்த வரியிலேயே காணாமல் போய்விட்டது. பிறகு நஷ்ட ஈடு வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது இந்த வரியைத்தான்.

அதனால் பதில் சொல்பவர் நிதானமாகச் சொல்லுங்கள்: "பின்னால் வந்த லாரி இடித்தது, இந்த இடம், இந்த நேரம்." நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத லாரி' என்று எழுதச் சொல்லுங்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றாலும், 2022-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. 'தானாக விழுந்தார்' என்று இருந்தால் அதுவும் கிடைக்காது. போலீசில் புகார் கொடுத்ததும், அதை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஏ.ஆர். காப்பிக்கு அன்றே சொல்லி வையுங்கள்.

48 மணி நேரம் முடிந்தால் என்ன என்று யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். 49-வது மணி நேரத்தில் பில்லோடு வருவார்கள். சேர்த்த நேரத்தைச் சீட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே கேளுங்கள். நிலைமை தேறியிருந்தால் வீட்டுக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். தேறவில்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அந்த மருத்துவமனை அதிலும் இருக்கிறது என்றால் அங்கேயே தொடரலாம். அட்டை இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்ல வேண்டும், அல்லது சொந்தச் செலவு, அல்லது தனியார் காப்பீடு.

தகுதி இருந்தும் அட்டை எடுக்காத குடும்பம் என்றால் அந்த இரண்டு நாளை வீணாக்காதீர்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, அதோடு ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு யாராவது ஒருவர் போக வேண்டும். ஐ.சி.யு. வாசலில் நிற்க வேண்டியவர் "வி.ஏ.ஓ. ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டியிருக்கிறது. இதை மாற்றுவது அரசுக்குப் பெரிய காரியம் இல்லை. மாறும்வரை, மனைவியையோ அம்மாவையோ அனுப்பாமல் மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அலையத் தெம்புள்ள ஒருவரை அனுப்புங்கள். சேர்த்திருக்கும் சீட்டின் நகலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

திருப்பதிக்கோ சபரிமலைக்கோ போகும் வழியில் எல்லை தாண்டி விபத்து நடந்தால் தமிழ்நாட்டுத் திட்டம் செல்லாது. அங்கே மத்திய அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தைக் கேட்க வேண்டும். 2025 மே 5 அன்று அறிவிக்கப்பட்டது. விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஆளுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. அதில் போலீஸ் பதிவு முக்கியம். 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து விபத்தைப் பதிவு செய்துவிட்டு, அதில் சேர்க்கப்பட்ட மருத்துவமனை எது என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள்.