சர்வரை அழிக்காதீர்கள், முதலில் லாக்கைப் படியுங்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் உட்கார்ந்து சர்வர் பராமரிப்பு வேலை செய்கிறேன். போன வாரம் இரவு பதினொன்றரைக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். அங்கே காபித் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து இரண்டு வருடமாகத் தங்களுக்கென ஒரு மாஸ்டோடன் (ட்விட்டர் போன்றது, ஆனால் யாரும் சொந்தமாக நடத்தக்கூடிய சமூக வலைத்தள மென்பொருள்) சர்வர் வைத்திருந்தார்கள். பழம் பறிக்க ஆள் கேட்பது, விலை சொல்வது, மழையில் பாதை எப்படி இருக்கிறது என்று பகிர்வது எல்லாம் அதில்தான்.

"அண்ணா, மாஸ்டோடன் பதிப்பை 4.2-லிருந்து 4.3-க்கு மாத்தினேங்க. 502 பிழை வந்துச்சு. அஞ்சு தடவை எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போட்டுட்டேன். இப்போ எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கூட தரமாட்டேங்குதுங்க."

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இந்த வருடத்தில் இப்படி வந்த எத்தனையாவது அழைப்பு என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

502 என்றால் வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் நன்றாக இருக்கிறது, அதற்குப் பின்னால் ஓட வேண்டிய மாஸ்டோடன் எழவில்லை என்று பொருள். வாசலில் காவலர் நிற்கிறார், உள்ளே ஆளில்லை. ஏன் ஆளில்லை என்பது, சேவைகளின் லாக் (என்ன நடந்தது என்ற பதிவு) சேரும் சிஸ்டம்டி ஜர்னலில் மாஸ்டோடன் வெப் சேவையின் பெயரைப் போட்டுத் தேடினால் தெரியும். 4.3 பதிப்புக்கு என்கிரிப்ஷனுக்காக மூன்று ரகசியச் சாவிகள் புதிதாகத் தேவை. அவை மாஸ்டோடனின் அமைப்புகள் இருக்கும் என்வ் புரொடக்‌ஷன் கோப்பில் இல்லையென்றால் மென்பொருள் எழாது. அதோடு, எந்தக் கட்டளையை ஓட்டினால் அந்தச் சாவிகள் கிடைக்கும் என்றும் லாக்கிலேயே எழுதி வைக்கும். தம்பி ஐந்து முறையும் பழைய என்வ் கோப்பைத்தான் பத்திரமாக எடுத்துப் புதிய இடத்தில் வைத்திருக்கிறார். சர்வரை அழித்தார், கோளாறைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். ஐந்து நிமிட வேலைக்கு இரண்டு வருடப் பதிவுகள் போயின.

"அழிச்சுட்டுப் போட்டா சரியாயிடும்" என்ற எண்ணம் வீட்டுக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து பழகிய காலத்திலிருந்து வருகிறது. அந்தக் கம்ப்யூட்டர் தனி ஆள், அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். மாஸ்டோடன் சர்வர் அப்படியல்ல. சர்வர்கள் தங்களுக்குள் பேசும் பொது மொழியான ஆக்டிவிட்டிபப் வழியாக அது நூற்றுக்கணக்கான வேறு சர்வர்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஒவ்வொரு கணக்குக்கும், அனுப்புவதில் கையொப்பமிட ஒரு சாவி ஜோடி உண்டு, அது டேட்டாபேஸில் இருக்கிறது. டேட்டாபேஸை அழித்தால் அந்தச் சாவியும் போய்விடும். அதே டொமைனில் அதே பெயரில் கணக்கைத் திரும்பத் தொடங்கினால் புதுச் சாவி வரும். வெளியே இருக்கும் சர்வர்கள் பழைய சாவியைத்தான் வைத்திருக்கும். கையொப்பம் பொருந்தாததால் பல நேரம் உங்கள் பதிவு அங்கே போய்ச் சேராது. அவர்கள் பக்கம் உங்களைப் பின்தொடர்வதாகக் காட்டும், உங்கள் சர்வருக்கோ அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. இதை எந்த ரீஇன்ஸ்டாலும் சரிசெய்யாது, மேலும் குழப்பும். உண்மையிலேயே ஒரு சர்வரை மூட வேண்டுமென்றால் மற்ற சர்வர்களுக்குச் சொல்லிவிட்டு மூடுவதற்கு மாஸ்டோடனின் நிர்வாகக் கருவியான டூட்சிடிஎல்லில் செல்ஃப் டிஸ்ட்ரக்ட் என்று தனிக் கட்டளையே இருக்கிறது.

சான்றிதழ் ஏன் வரவில்லை? ஒரே டொமைன் பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் இலவசச் சான்றிதழ் அமைப்பான லெட்ஸ் என்கிரிப்ட் தரும். தம்பி ஐந்தையும் ஒரே இரவில் வாங்கிவிட்டார். சோதனை செய்து பார்க்க அவர்களிடமே ஸ்டேஜிங் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கங்களின் வடிவக் கோப்புகளைத் தயார்செய்யும் அசெட் கம்பைல் நடுவில் 'கில்ட்' (Killed) என்று ஒரே ஒரு சொல் வந்து நின்றால் ரேம் போதவில்லை. 1 ஜிபி மெஷினில் இது அடிக்கடி நடக்கும். ஸ்வாப் (டிஸ்கில் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்துவது) சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லை பெரிய மெஷின் எடுங்கள். பக்கம் வருகிறது, ஆனால் வண்ணமும் வடிவமும் இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கிறதா? புதிய உபுண்டுவில் ஹோம் ஃபோல்டர், மற்றவர் நுழைய முடியாத 750 அனுமதியோடு உருவாகிறது, என்ஜின்எக்ஸால் உள்ளே நுழைய முடியாது. அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் மற்றவர் கடந்துபோகும் அனுமதி கொடுத்தால் போதும். யாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐ எல்லாவற்றுக்கும் போடாதீர்கள், போடவே போடாதீர்கள்! ரகசியச் சாவிகள் இருக்கும் கோப்பையும் சேர்த்துத் திறந்து வைக்கிறீர்கள்.

அம்மாப்பேட்டையில் ஒருவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் மாஸ்டோடனைப் போட்டுவிட்டு, வெளியிலிருந்து ஏன் திறக்கவில்லை என்று ஒரு வாரம் போராடினார். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் உங்கள் இணைப்பு, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குள் அடைக்கும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ரவுட்டருக்கு வருபவரைச் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை செய்தாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. நிறுவல் வழிகாட்டியில் எந்தத் தவறும் இல்லை, உங்கள் தட்டச்சிலும் இல்லை. இணைய சேவை தருபவரிடம் பொது ஐபி கேளுங்கள்.

உதவி கேட்கும்போது ஒரு வேண்டுகோள். திரையைப் போனில் படம் எடுத்து, அதுவும் கடைசி இரண்டு வரியை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். காரணம் பெரும்பாலும் மேலே, முதலில் வந்த பிழையில்தான் இருக்கும். ஐம்பது வரியை எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள். என்வ் கோப்பை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்கூட.

பதிப்பு மாற்றும் முன் போஸ்ட்கிரெஸ் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்), என்வ் கோப்பு, பயனர்கள் ஏற்றிய படங்கள் மூன்றையும் அந்த மெஷினுக்கு வெளியே எடுத்து வையுங்கள். அப்புறம் புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைக் கடைசி வரை படியுங்கள். சாவிகள் பற்றி 4.3-இன் குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

ஏற்காட்டுத் தம்பிக்குப் புதிய துணை டொமைனில் சர்வரை எழுப்பிக் கொடுத்தோம். பழைய பதிவுகள் திரும்பவில்லை, தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பக் கணக்குத் தொடங்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சர்வர் விழுந்தால் இரவு பதினொன்றரை ஆனாலும் பரவாயில்லை, என்னை அழையுங்கள். அழிப்பதற்கு முன்னால் அழையுங்கள்.