வேல்யூ: விலையா, மதிப்பா, பயன்மதிப்பா?

மருத்துவமனை நிர்வாகம் பற்றிய பேச்சில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘வேல்யூ’. அறுவை சிகிச்சைப் பிரிவு ஒரு மருத்துவமனைக்கு எவ்வளவு வேல்யூ சேர்க்கிறது என்று கேட்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாமும் இந்தச் சொல்லைச் சாதாரணமாகப் புழங்குகிறோம். ரோட்டோர நிலத்துக்கு வேல்யூ ஜாஸ்தி என்போம். அந்த இடத்தில் அது விலை. அதே பொருளோடு மருத்துவமனைக்குள் நுழைந்தால், அறுவை சிகிச்சை என்பது பில்லில் ஏறும் ஒரு தொகையாகச் சுருங்கிவிடுகிறது.

சொல்லின் வேர் வேறு கதை சொல்கிறது. லத்தீனில் ‘வலேரே’ என்றால் வலுவாக இருத்தல், நலமாக இருத்தல். ரோமானியர்கள் விடைபெறும்போது ‘வலே’ என்பார்கள். நலமாயிரு என்று பொருள். அந்த வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் வேல்யூ. நோயிலிருந்து தேறி வருவதைக் குறிக்கும் ‘கான்வலசன்ஸ்’, நோயால் முடங்கியவரைக் குறிக்கும் ‘இன்வலிட்’ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. உடல்நலத்தில் பிறந்த சொல் பிறகுதான் சந்தைக்குப் போனது.

மருத்துவத்துக்கு அதைத் திரும்ப இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்கப் பேராசிரியர்கள் மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பெர்க்கும். நோயாளிக்குக் கிடைத்த நலனை அதற்கு ஆன செலவோடு வைத்துப் பார்ப்பதே வேல்யூ என்று 2006-இல் அவர்கள் வாதிட்டார்கள். எத்தனை ஆபரேஷன் நடந்தது என்பதை விட, ஆபரேஷன் முடிந்தவர் எப்படி இருக்கிறார் என்பதே கணக்கு.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘விலை’ விற்றலோடு பிறந்த சொல்; ஒதுக்கிவிடலாம். ‘மதிப்பு’ பரவாயில்லை. மதித்தல் என்றால் அளவிடுதலும் உண்டு, போற்றுதலும் உண்டு. கிருஷ்ணகிரியில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி, மரத்தை அண்ணாந்து பார்த்தே இத்தனை டன் தேறும் என்று மதிப்புப் போடுவார். ஆனால் அது காய் பறிக்கும் முன் போடும் கணக்கு. அறுவை சிகிச்சையில் உண்மையான கணக்கு பிறகுதான் தெரியும்: தையல் பிரித்து, புண் ஆறி, ஆள் வேலைக்குத் திரும்பிய பிறகு. அதனால் ‘பயன்’ என்பதையும் சேர்க்க வேண்டும். பயத்தல் என்றால் விளைதல், பலன் தருதல். பொருளியல் எழுத்தில் ஏற்கெனவே புழங்கும் ‘பயன்மதிப்பு’ இந்த இடத்துக்கு மிகப் பொருத்தம் என்பது என் முடிவு.

பாலக்கோட்டில் தக்காளிக் கூடை ஏற்றி இறக்கும் ஒருவருக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தருமபுரி பெரியாஸ்பத்திரியிலும் சேலத்திலும் அரசு செய்யும் ஆபரேஷனுக்கு அவர் பணம் கட்டப்போவதில்லை. இரண்டு இடத்திலும் விலை ஒன்றே. ஆனால் சேலம் என்றால் கூடப் போகிறவரின் கூலியும் போய்விடும். அப்புறம் பஸ், சாப்பாடு, மறுபடி காட்டப் போவது என்று செலவு நீளும். பெங்களூரு என்றால் கேட்கவே வேண்டாம். பலர் அதற்கே பயந்து வலியோடு நாளை ஓட்டுவார்கள். ஆகவே அதே ஆபரேஷன் பக்கத்தில் நடக்கும்போது அதன் பயன்மதிப்பு கூடுகிறது. தருமபுரியில் 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததையும், 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக் கல்லூரி திறக்கப்பட்டதையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

மருத்துவமனைக்கு என்ன கிடைக்கிறது? காப்பீட்டுப் பணம் ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன. அங்கே செய்யும் சிகிச்சைக்கும் தொகை வருகிறது. ஆனால் பணத்தை விடப் பெரிய வரவு வேறு. ஆபரேஷன் தியேட்டர் தடையில்லாமல் நடக்க வேண்டுமானால் ரத்த வங்கி, ஆய்வகம், ஸ்கேன், கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு, மயக்க மருந்து டாக்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். அறுவைக்காக நிறுத்திய இந்த ஏற்பாடு, அறுவையே தேவைப்படாதவரையும் காப்பாற்றும். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்ணுக்கு அதே ரத்த வங்கி. பாம்பு கடித்து மூச்சுத் திணறி வருபவருக்கு அதே வென்டிலேட்டர்.

உலக அறுவை சிகிச்சை பற்றி 2015-இல் அறிக்கை தந்த, ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம், ஒரு மருத்துவமனையின் திறனை அளக்க மூன்று அறுவைகளைக் குறிப்பிட்டது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை. இந்த மூன்றையும் செய்ய முடிந்த இடத்தில் மற்றவற்றில் பெரும்பாலானதையும் செய்ய முடியும். மக்கள் அந்த இடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எட்ட வேண்டும் என்றது. தொப்பூர் கணவாயில் லாரி மோதி வருகிறவர்களை நினைத்தால் அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை நமக்கு நன்றாகவே விளங்கும்.

பயன்மதிப்பைக் கூட்டுவதற்குப் பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்றில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. நோயாளி யார், எந்தப் பக்கம் அறுக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்றா, எண்ணி வைத்த பஞ்சும் ஊசியும் சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்ப்பது, அவ்வளவுதான். எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது. சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாயின.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு நோயாளிக்கு அறுவை முடியும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. கட்டணம் கட்டுகிறவர்களின் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை கட்டுபடியாகாததால் 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி அதையும் இங்கேயே செய்தார்கள்.

விலை இருந்தும் பயன்மதிப்பு இல்லாத அறுவையும் உண்டு. 2012 வாக்கில் சத்தீஸ்கரிலும் பீகாரிலும் காப்பீட்டுத் தொகைக்காகத் தேவையின்றிப் பெண்களின் கருப்பையை அகற்றினார்கள் என்ற புகார்கள் நாட்டையே அதிர வைத்தன. அந்த மருத்துவமனைகளின் கணக்கில் அவை வருமானம். அந்தப் பெண்களுக்கு இழப்பு மட்டும்தான். இதைச் சொல்லிக்காட்ட விலையும் பயன்மதிப்பும் தனித்தனிச் சொற்களாக நம்மிடம் இருந்தாக வேண்டும்.

எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். கட்டணத்தைச் சொன்னால் விலை அல்லது கட்டணம். மருத்துவமனைக்கு வரும் பணம் வருவாய். ஊரில் அதற்கு இருக்கும் நல்ல பெயர் மதிப்பு. செலவோடு வைத்து நோயாளியின் நலனைப் பேசும்போது மட்டும் பயன்மதிப்பு: ‘சரிபார்ப்புப் பட்டியல் வந்த பிறகு அறுவை சிகிச்சைப் பிரிவின் பயன்மதிப்பு உயர்ந்தது’ என்பது போல.