தூக்கியது 300 கிராம்: கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பிய பலூன்

100 டிகிரிக்குச் சூடேற்றிய காற்று, 10 டிகிரியில் இருக்கும் வெளிக்காற்றைவிடக் கன மீட்டருக்குச் சுமார் 300 கிராம் எடை குறைவு. சூடுகாற்று பலூனைத் தூக்குவது இந்த 300 கிராம்தான். 1978-இல் கிழக்கு ஜெர்மனியின் பொஸ்னெக் ஊரில், இரு குடும்பங்களோடு எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்குத் தப்ப பீட்டர் ஸ்ட்ரெல்சிக், குந்தர் வெட்செல் போட்ட கணக்கு: எட்டுப் பேரும் கலமும் 750 கிலோ, அதற்கு 2,000 கன மீட்டர் காற்று. பெருக்கிப் பாருங்கள், 600 கிலோதான் வரும்.

அந்தக் குறை தெரியவரும் முன்பே துணி காலை வாரிவிட்டது. முதல் பலூன் பருத்தி. இழைகளுக்கிடையே காற்று கசிந்து, நிரம்பவே மறுத்தது. அடுத்த முறை சோதித்துப் பார்த்து வாங்கினார்கள். துணித் துண்டுகளை 250 டிகிரி சூட்டில் ஓவன் அடுப்பில் ஐந்து நிமிடம் வைத்தார்கள். வாக்குவம் கிளீனரையும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயையும் கொண்டு எந்தத் துணி காற்றை நன்றாக அடைக்கிறது என்று அளந்தார்கள். குடைத் துணிதான் முதலிடம், ஆனால் விலை அதிகம். செயற்கை இழையில் நெருக்கமாக நெய்த டாஃபெட்டா துணியை எடுத்தார்கள்.

பிறகு தீ போதவில்லை. சிலிண்டரின் மேலிருந்து வாயுவை வேகமாக இழுத்தால் உள்ளிருக்கும் திரவ புரோப்பேன் கொதித்து ஈடுகட்ட வேண்டும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுப்பதால் அது குளிர்கிறது. அழுத்தம் விழுந்து தீ சுருங்குகிறது. கல்யாணச் சமையலில் சிலிண்டர் வேர்த்துப் பனி படிவதும் இதனால்தான். அவர்கள் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள்: வாயுவுக்குப் பதில் திரவமே வெளியேறியது, தீ சீறியது. (வீட்டு அடுப்பில் இந்த வேலை வேண்டாம்.)

1979 ஜூலையில் ஸ்ட்ரெல்சிக் குடும்பம் மட்டும் 2,200 கன மீட்டர் பலூனில் ஏறியது. நால்வருக்கு அது தாராளம். கெடுத்தது மேகம். ஈரம் துணியில் படிந்தது. சதுர மீட்டருக்கு 100 கிராம் தண்ணீர் என்றாலே 800 சதுர மீட்டரில் 80 கிலோ. எல்லைக்குச் சுமார் 180 மீட்டர் முன்னால் இறங்கிவிட்டது. விட்டுவந்த பலூன் அதிகாரிகள் கையில் சிக்க, கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி தேடத் தொடங்கியது. அதன்பின் டாஃபெட்டாவைக் கடை கடையாகச் சிறுகச் சிறுகத்தான் வாங்க முடிந்தது.

மூன்றாவது பலூன் 4,000 கன மீட்டர். தூக்குதிறன் சுமார் 1,200 கிலோ. முதல் கணக்கில் இல்லாத உபரி இங்கே இருந்தது. 1979 செப்டம்பர் 16, அதிகாலை 2 மணி வாக்கில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். 2,000 மீட்டர் உயரத்தில் மைனஸ் 8 டிகிரி. குளிர் தூக்கலுக்கு நல்லதுதான், ஆனால் மேலே காற்று மெலிந்திருப்பதால் அந்த லாபம் அங்கேயே கழிந்துவிடும். பலூனின் உச்சியில் கிழிசல் வேறு. மிகச் சூடான காற்று தங்குவது உச்சியில்தான் என்பதால், துளை விழக் கூடாத இடம் அது. இழப்பை ஈடுகட்ட எரித்ததில் 28 நிமிடத்தில் கேஸ் தீர்ந்தது. கீழே எந்த நாடு என்று தெரியாமலே இறங்கினார்கள். அது மேற்கு ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் நைலா, எல்லையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே.